மெஷின் நிற்கிற ஒரே நாள்

எங்கள் அடுக்ககத்தில் மின்சார வண்டிகளுக்கென்று வரிசையாகச் சார்ஜர் வைத்ததிலிருந்து கீழே பேனல் அறையில் ஒரு சத்தம். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கச் செயலாளர் கதவைத் தட்டிவிட்டார். "சார், நீங்க எலக்ட்ரிக்கல் படிச்சவர்தானே? உம்முனு ஒரே சத்தம் சார். கொஞ்சம் வந்து பாருங்களேன்." நான் எலக்ட்ரிக்கல் படித்தது உண்மைதான். இப்போது செய்வது கணினி நிரல்களில் பிழை தேடுகிற வேலை. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? நம் ஊரில் எலக்ட்ரிக்கல் படித்தவன் சாகிறவரை பக்கத்து வீட்டுக்கு ஃப்யூஸ் போட்டே ஆகவேண்டும்.

பேனல் அறைக்குள் நுழைந்ததும் காதுக்கு முன்னால் மூக்குக்குத்தான் விஷயம் தெரிந்தது. சூடேறிய வயர் உறையின் வாசனை. கருகல் இல்லை, இப்போதுதான் இஸ்திரி போட்டுவைத்த சட்டை மாதிரி ஒரு வெதுவெதுப்பு. "நியூட்ரல் சுடுது சார்" என்றேன். செயலாளர் விவரமானவர். "நியூட்ரல்ல கரண்ட் அவ்வளவா வராதே?" என்றார். வரக்கூடாதுதான். "மூணாவது ஹார்மோனிக் வந்தா வரும்" என்று சொன்னேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி எத்தனை காலமாயிற்று! சொன்ன கையோடு உள்ளே ஒரு தவிப்பு பிடித்துக்கொண்டது. மாடிக்கு வந்து காபி போட்டேன், குடிக்கவில்லை. பால்கனிக்குப் போய் அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்தேன், அதையும் பார்க்கவில்லை. திரும்பி வந்து நின்றவனிடம் என் மனைவி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "யாரு ஞாபகம் வந்துச்சு?" என்று கேட்டாள்.

கல்பனா அக்கா ஞாபகம் வந்திருந்தது. அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இந்த ஹார்மோனிக்ஸ் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், கணக்கு வராது.

நான் ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளை. அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர், திருநெல்வேலிக்காரர். எங்கள் பிளாக்கில் சேலம், தஞ்சாவூர், நாகர்கோவில் எல்லாம் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும். அங்கே பிளஸ் டூ படிக்கும்போது பள்ளி ஆய்வகத்தில் சோனாமீட்டர் என்று ஒரு பெட்டி இருந்தது. நீளமான மரப்பெட்டியின்மேல் ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். கம்பியின்மேல் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளை மடித்து உட்காரவைத்து, இசைக்கவையைத் தட்டிப் பெட்டியில் வைத்தால் சில துண்டுகள் துள்ளிக் கீழே விழும். சில அசையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். "ஒரே கம்பிதான்டா. முழுசாவும் ஆடும், ரெண்டு துண்டாவும் ஆடும், மூணு துண்டாவும் ஆடும்" என்று வாத்தியார் சொல்வார். புத்தகத்தில் இதற்குச் சீரிசை என்று அழகான பெயர் உண்டு. அசையாத காகிதத்தைக் காட்டி, "இதப் பாத்துக் கத்துக்கோ" என்று என்னிடம் சொன்னார். வகுப்பில் ஓரிடத்தில் உட்காராதவன் என்று எனக்கு அப்போதே பெயர்.

மின்சாரமும் அப்படி ஆடுகிற பண்டம்தான். அந்தக் காலத்து மோட்டாரும் குண்டு பல்பும் அதை நிதானமாக, தம்ளரை அண்ணாந்து குடிப்பதுபோல ஒரே சீராகக் குடிக்கும். இப்போதைய மின்னணுச் சாமான்கள் மடக் மடக்கென்று விட்டுவிட்டுக் குடிக்கின்றன. அப்படிக் குடிக்கும்போது மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு வேகத்தில் ஆடுகிற உபரி ஆட்டங்கள் லைனில் கலந்துவிடும். அவைதான் ஹார்மோனிக்ஸ். அதில் இந்த மூன்றாவது இருக்கிறதே, அது ஒரு தினுசு. மூன்று லைனிலிருந்தும் திரும்பி வருகிற மற்றதெல்லாம் நியூட்ரல் கம்பியில் ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துக்கொண்டு அடங்கிவிடும். மூன்றாவது மட்டும் அடங்காமல் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். கம்பி சுடுவது அதனால்தான். இவ்வளவு தெரிந்தால் போதும், வாருங்கள்.

படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் திரிந்த நாளில் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சித் திட்டமொன்றில் உதவியாளனாகச் சேர்ந்தேன். ஆவடியிலிருந்து ஒரு பஸ், பூந்தமல்லியில் இறங்கி இன்னொரு பஸ். ஆய்வகத்தில் எப்போதும் ஈயப்பற்றும் வார்னிஷும் கலந்த வாசனை அடிக்கும். பசி நேரத்தில் அது எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அங்கேதான் கல்பனா அக்கா முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நசரத்பேட்டைக்காரர். ஒரு காலத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி நிலமிருந்த குடும்பம். இப்போது ஆளுக்கொரு வேலை. கணவர் சேகர் எங்கள் கல்லூரி பஸ்ஸையே ஓட்டினார். சின்ன வகுப்பில் படிக்கிற ஒரு பெண் குழந்தை. அக்கா ஆய்வகத்தில் தற்காலிகப் பயிற்றுநர். பட்டம் வந்துவிட்டால் நிரந்தர விரிவுரையாளர் வேலை என்று கல்லூரியில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். பட்டம் வராவிட்டால் இதே தற்காலிகம்தான், அதுவும் எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. குழந்தை பிறந்து, மாமனார் படுக்கையில் விழுந்து, ஆராய்ச்சி இழுத்துக்கொண்டே போய், இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இனி நீட்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் பரபரவென்றால் அக்கா அதற்கு நேர் எதிர். மின்னளவு எடுக்கிற கருவியின் கவ்வியைக் கம்பியில் மாட்டுவதற்கு முன்னால் அதன் வாயைத் துப்பட்டா நுனியால் துடைத்து, ஊதி, இன்னொரு தரம் துடைப்பார். "சுத்தமா இருந்தாத்தான் தம்பி நம்பர் ஒழுங்கா வரும்" என்பார். அவர் துடைக்கிற நேரத்தில் நான் இரண்டு முறை டீக்கடைக்குப் போய்வந்துவிடுவேன்.

அக்காவின் ஆராய்ச்சி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தெருவைப் பற்றியது. முழுக்கச் சின்னச் சின்னப் பட்டறைகள். லேத், பிரஸ், கிரைண்டிங், கடைசியில் இரும்பைச் சூடேற்றிப் பதப்படுத்துகிற ஓர் உலை. அதே டிரான்ஸ்பார்மரிலிருந்து தெருவுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகளுக்கும் லைன் போயிற்று. இவ்வளவு ஹார்மோனிக்ஸில் வீடுகள் போடுவது எவ்வளவு, பட்டறைகள் போடுவது எவ்வளவு என்பதுதான் கேள்வி. பதில் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எல்லா மெஷினும் நிற்கிற ஒரு நாளில் அளவெடுத்தால் அது வீடுகளின் கணக்கு. வேலைநாள் கணக்கிலிருந்து அதைக் கழித்தால் மீதி பட்டறைகளின் கணக்கு.

ஆனால் அந்தத் தெருவில் எல்லா மெஷினும் நிற்கிற நாள் எது? தெருவுக்கெல்லாம் பொதுவான எலக்ட்ரீஷியன் வேணுவிடம் கேட்டோம். ஆள் ஒல்லி, சட்டைப்பையில் எப்போதும் டெஸ்டரும் வெற்றிலையும்.

"அந்த உல கீதே மேடம், அது பொங்கலுக்கும் நிக்காது, தீவாளிக்கும் நிக்காது. ஆயுத பூஜைக்கு மட்டுந்தான் நிக்கும்."

"அதுக்கு மட்டும் ஏன்ணா?"

"இன்னா மேடம் கேக்கற? சந்தனம் வெக்கணும்ல? சுட்டுகினு இருந்தா எப்டி வெப்பே?"

ஆக, ஆயுத பூஜைதான் எங்கள் பூஜ்ய நாள் என்று முடிவாயிற்று. இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆயுத பூஜை எங்களுக்கும் உண்டு. அன்றைக்கு ஆய்வகத்தில் மின்னலை காட்டுகிற அலைமானிகளுக்கெல்லாம் விபூதிப் பட்டை, குங்குமம். மீட்டர் முதல் ஸ்க்ரூ டிரைவர் வரை வரிசையாக வைத்துத் துணி போர்த்திவிடுவோம். யாரும் ஒரு கருவியையும் தொடக்கூடாது. அதனால் முதல் நாளே அம்பத்தூர் போய், பதிவுக்கருவியை டிரான்ஸ்பார்மர் அறையில் மாட்டித் தானாக ஓடும்படி வைத்துவிட்டு வந்தோம். அக்காவுக்கு அதிலும் ஒரு சங்கடம். "இதுவும் ஆயுதம்தானே தம்பி, இதுக்கு மட்டும் லீவு இல்லாமப் பண்றோமே" என்று அதன் நெற்றியில், நெற்றி என்று ஒன்று இருந்தால், ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். விஜயதசமி கழிந்து மறுநாள் போய் எடுத்துக்கொண்டு வந்தோம். பூஜையன்று அந்தத் தெருவில் நாங்கள் இருவரும் கால் வைக்கவில்லை.

அளவைக் கணினியில் போட்டுப் பார்த்த அன்று ஆய்வகத்தில் எனக்கு நாற்காலி கொள்ளவில்லை. மெஷினெல்லாம் நின்ற நாளில் மூன்றாவது ஹார்மோனிக் அதிகம். மெஷினெல்லாம் ஓடுகிற நாளில் குறைவு! அதாவது வீடுகள் போடுகிற மூன்றாவது ஹார்மோனிக்கைப் பட்டறை மெஷின்கள் விழுங்குகின்றன என்றுதானே அர்த்தம்? பட்டறைதான் லைனைக் கெடுக்கிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்க, அது சுத்தம் செய்கிறது என்று ஒரு கண்டுபிடிப்பு. அக்காவின் வழிகாட்டிப் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். "இது பெரிய விஷயம்மா. இது ஒண்ணு போதும் உங்க தீசிஸுக்கு" என்றார்.

அடுத்த சில மாதங்கள் நாங்கள் நடந்த நடை வேறு. கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். எந்த மெஷின் எப்படி விழுங்குகிறது என்பதற்கு விதவிதமான விளக்கங்கள் தயாரித்தோம். ஒவ்வொரு விளக்கமும் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. சேகர் அண்ணன் பஸ் ஓட்டிக்கொண்டே முன்வரிசைப் பிள்ளைகளிடம், "அந்த லேப் மேடம் இன்னும் ஆறு மாசத்துல டாக்டர், தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்காகூட அந்த நாட்களில் கொஞ்சம் வேகமாக நடந்தார்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் வேறு ஏதோ அளவுக்காக அம்பத்தூர் போயிருந்தோம். தெருமுனை டீக்கடையில் வேணு இருந்தார். புதுப் போன் வாங்கியிருந்தார் போலிருக்கிறது, யாரிடமாவது காட்டவேண்டுமே.

"மாமே, போன ஆயுத பூஜைக்கு நம்ம போட்ட செட்ட பாத்தியா? நீ எங்க வந்தே! இந்தா பாரு."

வீடியோ. தெருவின் இந்த முனையிலிருந்து உலைக்கூடம் வரை ஒரே சீரியல் செட். ஒவ்வொரு பட்டறைக் கதவிலும் தோரணமாக எல்.இ.டி. விளக்குகள். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மயில், தோகை விரிந்து விரிந்து மூடுகிறது. மூலைக்கு மூலை ஃபோகஸ் விளக்கு, ஸ்பீக்கர் பெட்டி. ஆயிரமாயிரம் சின்ன விளக்குகள். ஒவ்வொன்றும் மடக் மடக்கென்று குடிக்கிற சாதி.

எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அக்கா மட்டும் அசையாமல் கேட்டார்.

"எங்கேருந்துண்ணா லைன் எடுத்தீங்க?"

"நம்ம டிரான்ஸ்பார்மர்தான் மேடம். பின்ன உன் ஊட்லேர்ந்தா எடுப்பேன்?"

"இன்னொரு தரம் போடுங்க."

வேணு சந்தோஷமாகப் போட்டார். மயில் தோகை விரித்தது. பிறகு அக்கா இன்னொரு தரமும் போடச் சொன்னார். "புடிச்சிருக்கா மேடம்? மறுநாளே கழட்டி ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு வுட்டுட்டேன்" என்றார் வேணு. அக்காவின் டீயில் ஆடை படிந்திருந்தது.

எனக்கு அந்தத் தெருவில் விளக்கு போடுவார்கள் என்று தெரியாதா? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி முழுக்க எந்தப் பட்டறையில் போடவில்லை? சின்ன வயதில் அப்பாவின் தொழிற்சாலைக்கு ஆயுத பூஜையன்று குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு விளக்குப் பார்த்துக்கொண்டே நடந்தவன்தான் நான். அக்காவுக்கும் தெரியும், பேராசிரியருக்கும் தெரியும். ஆனால் மின்சாரம் இழுக்கிற லோடு என்றால் எங்களுக்கு மெஷின். விளக்குத் தோரணம் எங்களுக்கு லோடாகத் தோன்றவில்லை, பூஜையாகத்தான் தோன்றியது. வெளிநாட்டுக்காரன் ஒருவன் வந்து இந்த அளவை எடுத்திருந்தால் முதல் நாளே, "அதென்ன அவ்வளவு விளக்கு?" என்று கேட்டுத் தொலைத்திருப்பான்.

மறுநாள் பேராசிரியர் அறையில் நானும் இருந்தேன். அவரைத் தப்பான ஆள் என்று நினைக்கவேண்டாம். அக்காவுக்காக எத்தனையோ இடத்தில் பேசியவர். பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"கல்பனா, நான் சொல்றதக் கேளுங்க. பண்டிகை நாள்ல எடுத்த அளவுன்னு அடியில ஒரு வரி போட்டுடுவோம். படிக்கிறவன் யாருக்கு ஆயுத பூஜைன்னா என்னன்னு தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்" என்றார் அக்கா.

"இந்தச் சேப்டர் இல்லன்னா தீசிஸ் நிக்காதும்மா. திரும்ப எடுக்கணும்னா அடுத்த ஆயுத பூஜை வரணும். அதுக்கு முன்னாடி உங்க பிஎச்.டி. பதிவு முடிஞ்சிடும்."

"அதுவும் தெரியும் சார்."

அன்று மாலை வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தத்தில் நான் அக்காவோடு சண்டை போட்டேன். பெங்களூர் ரோட்டில் லாரிகள் போகிற இரைச்சலில் கத்தித்தான் பேசவேண்டும், அது எனக்கு வசதியாகவும் இருந்தது. விளக்கு எவ்வளவு இழுத்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் கழித்துவிடலாமே என்றேன்.

"போட்டுப் பாத்தேன் தம்பி. எந்த செட்டு, எவ்வளவு செட்டு, வேணு அண்ணனுக்கே தெரியல. நான் ஆசப்படுற நம்பர்தான் அதுல வரும்."

"மெஷின் நெசமாவே விழுங்கியும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம். விழுங்காமலும் இருக்கலாம். அதான் இப்பத் தெரியலையே."

"தெரியாட்டி என்னக்கா? உங்களுக்கு வேலை முக்கியமா, மயில் முக்கியமா?"

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் வந்தது. சேகர் அண்ணனின் பஸ் இல்லை, வேறு பஸ்.

ஆய்விதழுக்கு அவரே எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நீட்டிப்புக்கு இன்னொரு மனு கொடுத்துப் பார்த்தார், விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. ஆனி மாதம் அவருடைய பதிவு காலாவதியாயிற்று. நிரந்தர வேலைக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். அவருக்கு ஆய்வகத்தில் எந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்ததும் அக்காதான். சேகர் அண்ணன் என்னிடம் ஒருமுறை பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நீயாவது சொல்லு தம்பி. ராத்திரி பகலா படிச்சா. புள்ளைய எங்கம்மாகிட்ட வுட்டுட்டுப் படிச்சா. கடைசியில சீரியல் லைட்டுக்காடா வுடுவா?" எனக்கும் அதே கேள்விதான். பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புரட்டாசி முடிகிற சமயம் அக்காவிடமிருந்து போன். "தம்பி, ஆயுத பூஜைக்கு ஃப்ரீயா? அம்பத்தூர் போயிட்டு வரலாமா?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எதுக்குக்கா? யார்கிட்டக் குடுக்கப் போறீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. எனக்குத்தான்."

பதிவுக்கருவிக்குப் பேராசிரியரிடம்தான் போகவேண்டும். அக்கா அவருடைய ஆராய்ச்சி மாணவி இல்லை இப்போது, கருவி தர அவர் மறுத்திருக்கலாம். அலமாரிச் சாவியை எடுத்துக்கொடுத்துவிட்டு, "பூஜையன்னிக்குத் தொடக்கூடாதும்பாங்க. பரவால்ல, எடுத்துட்டுப் போங்க" என்றார். எங்கள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

தெருவில் வாழை மரம், மாவிலை, வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். உலைக்கூடத்துக் கதவில் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது. உச்சி வெயிலிலும் மயில் எரிந்துகொண்டிருந்தது. வேணு இந்த வருடம் புதிதாக இரண்டு அன்னமும் போட்டிருந்தார். அக்கா அவரிடம் விஷயத்தைச் சொன்னார். தெரு முழுக்கக் கால் மணி நேரம் விளக்கையும் ஸ்பீக்கரையும் நிறுத்தவேண்டும்.

"இன்னா மேடம் நீ! சாமி கும்புட சொல்லோ லைட்ட அணைக்கச் சொல்றியே. மொதலாளிங்க என்னப் பொளந்துடுவாங்க."

"தீபாராதனை முடிஞ்சப்புறம் போதும்ணா. போன வருசம் நான் ஒண்ணு கண்டுபுடிச்சேன். அது பண்ணது மெஷினா, உங்க மயிலான்னு தெரியல. அத மட்டும் பாக்கணும்."

வேணுவின் முகம் மலர்ந்துவிட்டது. "மயில்னு வந்தா புக்குல எம் பேர போடுவியா?"

"புக்கு இல்லண்ணா. அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. எனக்குப் பட்டம் கெடையாது."

"அப்ப எதுக்கு மேடம் இது?"

அக்கா கவ்வியின் வாயைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். வேணு, "இன்னாமோ போ" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தெரு நடுவில் போய் நின்றார்.

தீபாராதனை முடிந்ததும் ஒவ்வொரு பட்டறை வாசலிலும் நின்று கத்தினார். "ஆப் பண்ணு! தே, அண்ணாத்தே, ஒன்னத்தான், ஆப் பண்ணு! காலேஜ் மேடம் டெஸ்ட் எடுக்குது!" ஒருவர் ஏன் என்று கேட்டார். வேணு, "அதுக்குத் தெரிஞ்சிக்கணுமாம்" என்றார். அவ்வளவு காரணம் போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு கதவாகத் தோரணம் அணைந்தது. பாட்டு நின்றது. மயில் தோகையைப் பாதி விரித்தபடி அணைந்துபோனது. பொரிப் பொட்டலத்தோடு ஜனம் தெருவில் நின்று எங்களைப் பார்த்தது. பட்டப்பகலில் அந்த எஸ்டேட்டில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பின்வரிசை வீட்டில் யாரோ தேங்காய் உடைத்தது கேட்டது.

அக்கா திரையின் முன்னால் குந்தியிருந்தார். நான் அவருக்குப் பின்னால் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தேன். "ஆடாம நில்லு தம்பி" என்றார். நின்று பார்த்தேன். மூன்றாவது ஹார்மோனிக்கின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. வீடுகள் போடுவது இவ்வளவுதான், வேலைநாள் அளவைவிட எவ்வளவோ குறைவு. மெஷின்கள் எதையும் விழுங்கவில்லை. எல்லாரும் சொல்வதுபோல அவையும் தங்கள் பங்கைப் போட்டுக்கொண்டுதான் இருந்தன. கால் மணி நேரமும் முழுதாகப் பதிவாகிறவரை அக்கா பொறுத்திருந்தார். பிறகு, "போதும்ணா, போட்டுக்கோங்க" என்றார். தெருவே ஆரவாரமிட்டது. விளக்குகள் எரிய எரிய அந்தக் கோடு படிப்படியாக ஏறியது.

"மயிலுதான் தம்பி" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். முந்தானைபோலத் துப்பட்டாவைத் தூக்கிக் கண்ணையும் துடைத்துக்கொண்டார். வேணு கை நிறையப் பொரி கொண்டுவந்து கொடுத்தார், சாப்பிட்டார். அத்தனை வருடப் படிப்பும், கையில் வந்த வேலையும் போய், கடைசியில் கண்டது எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம். இதற்கு ஒருத்தி சிரிப்பாளா? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது.

அந்தத் தெரு இப்போது இல்லை. பட்டறைகள் ஒவ்வொன்றாக நகருக்கு வெளியே போயின. வேணு திருமழிசைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். உலை நின்ற இடத்தில் இரவும் பகலும் ஏ.சி. ஓடுகிற ஒரு கண்ணாடிக் கட்டடம். அதற்கு ஆயுத பூஜையும் கிடையாது, பொங்கலும் கிடையாது. யாரிடம் போய்க் கால் மணி நேரம் நிறுத்துங்கள் என்று கேட்பது? கேட்டால் ஒரு மின்னஞ்சல் முகவரி தருவார்கள். தெரிந்துகொள்ளவேண்டும் என்று ஒருத்தி கேட்டதற்காகத் தெருவே கையில் பொரியோடு நின்ற மாதிரி இனி ஓரிடத்திலும் நடக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை பேனல் அறையிலிருந்து வந்து, தவிப்பு தாங்காமல் அக்காவுக்குப் போன் செய்தேன். கல்லூரி வேலையை எப்போதோ விட்டுவிட்டார். இப்போது நசரத்பேட்டையில் அவரும் சேகர் அண்ணனும் பள்ளி வேன் நடத்துகிறார்கள். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாளாம். அதையெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டேன்.

"அக்கா, அந்த ஆயுத பூஜையில கால் மணி நேரம் எடுத்தோமே, அந்த அளவு இருக்கா?"

"ஐயே, அந்த லேப்டாப்பே எப்பவோ போயிடுச்சே தம்பி. அதோட போயிருக்கும்."

"அத யாராவது பாத்தாங்களாக்கா? யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"நான் பாத்தேன்ல? எனக்கு அது போதும்ப்பா" என்றார். பின்னால் வேன் ஹாரன் கேட்டது, வைத்துவிட்டார்.

எனக்குப் போதவில்லை.